பழக்கூடையில் போன அதிர்வுமானி

எண்பதுகளின் கடைசியில் எனக்கு வேலை, நிலம் ஆடுவதை அளப்பது. பூகம்பம் என்று பெரிதாக நினைக்க வேண்டாம். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே இருந்த மலைகளை வெடி வைத்து ஜல்லியாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வெடியில் பக்கத்து வீடுகள் எவ்வளவு அதிர்கின்றன என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். கைக்குள் அடங்கும் அதிர்வுமானி ஒன்று, அதிலிருந்து ஒயர் போகும் பெட்டி ஒன்று. பெட்டிக்குள் ஓடும் காகிதச் சுருளில் முள் கோடு போடும்.

மலையடியில் ஒரு பள்ளி ஆசிரியையின் வீடு. கணவர் இல்லை, கல்யாண வயதில் ஒரு மகள். படுக்கையறைச் சுவரில் மேலிருந்து கீழாக விரிசல். அது வளர்கிறதா என்று பார்க்கக் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டியிருந்தார். ஒட்ட ஒட்டக் கிழிகிறது என்றார். ஆனால் நாங்கள் போன நாளிலெல்லாம் முள் சோம்பலாகத்தான் அசைந்தது. 'வரம்புக்குள் உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

"உங்க ஆபீஸ் ஜீப் தெருமுனை திரும்பும்போதே டீக்கடையிலேர்ந்து குவாரிக்கு ஆள் ஓடுது சார். அன்னிக்கு மட்டும் ஊசிப் பட்டாசு வெடிக்கிறாங்க," என்றார் ஆசிரியை. வழியையும் அவரே சொன்னார். "பொண்ணு பார்க்க வர்ற மாதிரி வாங்க."

எங்கள் அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு தன் மனைவியையே கூட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் இறங்கி நடந்தோம். மாப்பிள்ளை நான். பழக்கூடையில் வாழைப்பழத்துக்கு அடியில் அதிர்வுமானி, சூட்கேசுக்குள் பெட்டி. ராகு காலம், எமகண்டம் எதையும் பார்க்கவில்லை. குவாரி வெடி வைக்கும் நேரத்தைத்தான் பார்த்தோம். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்து வழிகூடக் காட்டினார்.

அக்கம்பக்கத்து ஜன்னல்களெல்லாம் திறந்திருந்ததால் மகள் பட்டுப்புடவை கட்டிக் காபி கொண்டு வந்தாள். நான் படுக்கையறைக்குள் போய்ச் சுவரோரம் கருவியைப் பொருத்தினேன். குவாரியில் எச்சரிக்கை விசில் ஊதினார்கள். அன்று முழு வெடி. தட்டில் டம்ளர்கள் நடுங்கின. முள் காகிதத்தின் ஓரம் வரை போய் வந்தது. விரிசல் மேல் ஒட்டியிருந்த துண்டு கிழிந்து, கூடவே ஒரு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது.

"பதிவாயிடுச்சா சார்?" என்றார் ஆசிரியை.

தலையாட்டினேன். சொந்தச் சுவர் உதிர்ந்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் வெடி வைக்கத் தடை வந்தது. குவாரிக்காரர் மேல்முறையீடு செய்தார். மறுபடி அளக்க வேண்டிவரலாம், அதனால் பெண் பார்க்க வந்தது வேஷம் என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்றார் அதிகாரி.

சில மாதம் கழித்து, சுவரைப் பார்க்க பஸ்ஸிலேயே போனேன். விரிசலைப் பூசியிருந்தார்கள். மேலே ஒட்டிய புதுக் காகிதம் கிழியவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது எதிர்வீட்டு அம்மா உள்ளே வந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதானே அன்னிக்கு வந்த மாப்ள? தங்கமான பொண்ணுய்யா இது. இன்னா கொறைன்னு வேணான்னு சொல்லிட்டே? ஒனக்கப்பறம் வர்றவங்களும் அதத்தான் கேட்டுகினு போறாங்க."

ஆசிரியை வாயைத் திறந்தார். மகள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். மேல்முறையீடு இன்னும் முடியவில்லை.

"ஜாதகம் பொருந்தலைம்மா," என்றேன்.

எதிர்வீட்டு அம்மா உச்சுக் கொட்டினார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.