பன்னிரண்டு ஏ.எச். பேட்டரி

என் மனைவிக்குக் கணக்கு வரும் என்பது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். என்னைவிட நன்றாக வரும் என்பது ஒரு திங்கட்கிழமை காலையில், எங்கள் முதலாளி முன்னால் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அலுப்பு, தூக்கக் குறைவு என்று வேறு பெயரெல்லாம் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. பொறாமைதான்.

நாங்கள் இருவரும் வில்லியனூரில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். கட்டடங்களுக்குத் தீ அலாரம் மாட்டிக் கொடுக்கிற சின்ன கம்பெனி. நான் பதினோரு வருடமாக ஒயர் இழுப்பவன். அவள் கொட்டேஷன் டைப் அடிக்க வந்து மூன்று வருடம் ஆகிறது. கரண்ட் போனாலும் அலாரம் பேனல் ஒரு நாள் முழுக்க விழித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தீ பிடித்தால்கூட அரை மணி நேரம் கத்த வேண்டும். அதற்காகத்தான் உள்ளே இரண்டு பேட்டரி. எவ்வளவு கரண்டை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை ஏ.எச். என்று சொல்வோம். நான் கட்டடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். சின்னதென்றால் ஏழு ஏ.எச்., பெரியதென்றால் பதினெட்டு. யாரும் என்னை ஏன் என்று கேட்டதில்லை.

திருக்கனூரில் ஒரு நெல் குடோனில் அந்தப் பழக்கம் என்னை மாட்டிவிட்டது. சோதனைக்காக மெயினை அணைத்துவிட்டு வந்தோம். மறுநாள் போய்ப் பார்த்தால் பேனல் செத்துக் கிடந்தது.

"ஏழு போதும்னு எப்பிட்றா முடிவு பண்ண?" என்றார் முதலாளி, திங்கட்கிழமை காலை ஆபீசில்.

"ரெண்டு ஏழு சார். பதினாலு ஆவுதுல்ல?"

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "சீரிஸ்ல, ஒண்ணு பின்னால ஒண்ணா மாட்டினா வோல்ட்டுதாங்க கூடும். ஏழு ஏழாவேதான் இருக்கும்."

வீட்டில் நீ, ஆபீசில் நீங்க என்று பேசுவாள். அந்த மரியாதையோடு சொன்னதுதான் இன்னும் குத்தியது. ஐ.டி.ஐ. முதல் வருடப் பாடம் அது. எனக்கும் தெரியும். வாய்க்கு வந்ததை உளறிவிட்டேன் என்று அப்புறம் சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்த வாரமே பேட்டரிக் கணக்கு அவள் கைக்குப் போனது. நான் கட்டடத்தில் ஏறி புகையைப் பிடிக்கிற டிடெக்டர் எத்தனை, கத்துகிற ஹூட்டர் எத்தனை என்று எண்ணி போனில் சொல்வேன். அவள் எழுதிக்கொண்டு கணக்குப் போட்டு, தாளின் அடியில் கையெழுத்துப் போடுவாள். தீயணைப்பு நிலையத்து அதிகாரி ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "யாருபா போட்டது? சுத்தமா இருக்குதே" என்றார். மெயின் அணைத்தது போல ஆகிவிட்டது எனக்கு. அன்று பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவள் சும்மாதான் வந்தாள். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வருகிறாள் என்றே தோன்றியது. வீட்டுக்குப் போய், உப்பு சரியாக இருந்த குழம்பில் உப்பு இல்லை என்றேன்.

அப்புறம் மதகடிப்பட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் வேலை வந்தது. மூன்று மாடி. அவள் போட்ட கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். சும்மா இருக்கும்போது 0.32 ஆம்பியர், இருபத்து நாலு மணி நேரத்துக்கு 7.68. கத்தும்போது 1.2 ஆம்பியர், அரை மணிக்கு 0.6. மொத்தம் 8.28. பேட்டரி பழசானால் சக்தி குறையும் என்பதற்காக மேலே கால் பங்கு சேர்த்தால் 10.35. கடையில் அதற்கடுத்து இருப்பது பன்னிரண்டு. பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வேலை பாதியில் இருக்கும்போது வார்டன் அம்மா என்னைக் கூப்பிட்டு, வாட்ச்மேன் அறையிலும் ஒரு குட்டிப் பேனல் வேண்டும் என்றார். கம்பெனி குடோனில் இருந்ததை முதலாளியிடம் சொல்லி எடுத்து வந்து மாட்டினேன். அவர் கணக்குத் தாளையெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. அந்தக் குட்டிப் பேனல் ராத்திரி பகல் எந்நேரமும் அதே பேட்டரியிலிருந்து 0.1 ஆம்பியர் தின்னும். அவளிடம் சொல்ல வேண்டியது நான். போனைக்கூட எடுத்தேன். பிறகு பையில் போட்டுக்கொண்டேன். ஒருமுறையாவது அவள் கணக்கு எல்லார் முன்னாலும் சாகட்டும் என்று ஆசைப்பட்டேன்.

காலை பத்து மணிக்கு மெயினை அணைத்தோம். மறுநாள் பத்து மணிக்கு முதலாளி, வார்டன், நாங்கள் இருவர் என்று எல்லாரும் நின்றோம். பேனல் செத்திருக்கும் என்று எனக்கு நிச்சயம். பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. பட்டனை அமுக்கியதும் மூன்று மாடியும் அலறியது. அரை மணி நேரம் அலறியது. வார்டன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் ஆயுளில் அவ்வளவு நீளமான அரை மணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

"இனிமே எல்லா சைட்டு டிசைனும் நீயே பாத்துக்கம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு முதலாளி கிளம்பினார். வார்டனும் உள்ளே போனார். வாட்ச்மேன் அறையில் நாங்கள் இருவர் மட்டும். எனக்குத் தாங்கவில்லை.

"ஓவரா ஆடாத. ஒன் கணக்கே தப்பு" என்றேன். "இந்தப் பேனல நீ சேக்கவே இல்ல."

அவள் சுவரைப் பார்த்தாள். போனில் பெருக்கினாள். 10.73. கால் பங்கு சேர்த்து 13.41.

"ஆமா, தப்புதான்" என்றாள். "பேட்டரி புதுசுன்றதால தாங்கிக்கிச்சி." பிறகு கேட்டாள். "வார்டன் எப்ப சொன்னாங்க?"

"போன மாசம்."

அவள் முதலாளிக்குப் போன் போட்டாள். "சார், என் கணக்குல ஒரு பேனல் வுட்டுப் போச்சி. பன்னண்டு பத்தாது, பதினெட்டு மாத்தணும். தப்பு என்னுதுதான் சார்." அவர் கத்தியது எனக்கே கேட்டது. நின்று கேட்டுக்கொண்டாள். என் பெயர் அவள் வாயில் வரவேயில்லை.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருசம் போயி, மேல பொண்ணுங்க தூங்கும்போது இது கத்தாம வுட்டிருந்தா, எல்லாம் எங்கிட்டதான் வந்து கேப்பாங்க. நானும் அந்தத் தாள வச்சிக்கினு, எங்க தப்பு வுட்டோம்னு தேடிக்கினே இருந்திருப்பேன். நீ பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினு இருந்திருப்ப. இல்ல?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் வரவில்லை.

"ஆமா" என்றேன்.