கேபிள் எட்டாத கடைசி ஸ்லாட்

என் அக்காவுக்கு ஆபீஸில் வைத்த பெயர் மில்லிமீட்டர். வீட்டிலும் அதே கூத்துதான். சுவரில் கடிகாரம் மாட்டினால் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, "இடது பக்கம் இறங்கியிருக்கு" என்பாள். கடிகாரம் வட்டம். வட்டத்துக்கு ஏது இடது பக்கம் என்று கேட்டால் முறைப்பாள். மூன்று பேருக்கு ரொட்டி வெட்டச் சொன்னால் நமக்குப் பசியே அடங்கிவிடும், அவ்வளவு நேரம் அளப்பாள்.

அவள் பிழைப்பே அப்படி. பெரிய கட்டடங்களில் கம்ப்யூட்டர்களை வரிசை வரிசையாக அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே வேலையில் இறக்குகிறார்கள். அவை ஓயாமல் ஒன்றோடொன்று பேச வேண்டும். இன்னாருக்கு இன்னது என்று பிரித்து அனுப்ப நடுவில் ஒரு பெட்டி உண்டு, சுவிட்ச் என்பார்கள். பெட்டிக்குள் ஸ்லாட் ஸ்லாட்டாகப் பலகைகள் செருகியிருக்கும். ஒரு பலகையிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகும் செம்புத் தடங்களை வரைந்தவள் என் அக்கா. தடங்கள் ஜோடி ஜோடியாக ஓடும். ஜோடியில் ஒன்று மயிரிழை நீளம் கூடினாலும் செய்தி குளறிவிடும். மற்றவர்கள் கம்ப்யூட்டரே வரையட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவள் ஒவ்வொன்றையும் கையால் இழுத்து, குட்டையானதை நெளித்து, சமமாக்குவாள்.

நான் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். ஒயர் என்றால் எனக்கு ஹேர் ட்ரையர் ஒயர்தான். இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் சாப்பிடும்போதும் இதையேதான் பேசுவாள். வேறு எதையும் பேசமாட்டாள். பேச வேண்டியதையும் பேசமாட்டாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த ஆபீஸில் கண்ணாடிக்காரர் என்று ஒருவர் இருந்தார். முகத்தில் கண்ணாடி கிடையாது. செம்புக்குப் பதில் கண்ணாடி இழையில் ஒளியாகச் செய்தி அனுப்பும் குழு அவருடையது, அதனால் அந்தப் பெயர். ஆறேழு பேர் அவரிடம் வேலை செய்தார்கள். அமைதியான மனிதர். கேன்டீனில் என் அக்காவோடு செம்பா கண்ணாடியா என்று சண்டை போட ஆரம்பித்து, அந்தச் சண்டைக்காகவே இருவரும் ஒரே மேஜைக்கு வந்து, கடைசியில் வீட்டில் வந்து பேசுகிற அளவுக்குப் போனது. அம்மாவுக்குப் பரம திருப்தி. நான் முன்கூட்டியே அத்தான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டு "சொல்லுங்க மச்சினி" என்பார். கல்யாணத் தேதி மட்டும்தான் பாக்கி. புதுப் பெட்டி வேலை முடியட்டும் என்று இருவரும் சொன்னார்கள்.

அந்தப் புதுப் பெட்டிதான் எமன்.

பழையதைவிட இரண்டு மடங்கு வேகம் கேட்டார்கள். வேகம் ஏற ஏறச் செம்புக்கு மூச்சு வாங்கும். ஒரு முழம் ஓடுவதற்குள் செய்தி தேய்ந்துவிடும். கண்ணாடி இழைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் செலவு ஜாஸ்தி. பெட்டிக்குள் செம்பே போதும் என்றாள் அக்கா. ரொம்பத் தள்ளியிருக்கும் கடைசி ஸ்லாட்டுக்காவது கண்ணாடி வேண்டும் என்றார் அவர். நிர்வாகம் செம்பு என்று முடிவெடுத்தால் அவர் குழுவுக்கு அங்கே வேலை இல்லை. இது எல்லாருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். முடிவு எடுக்கும் முன் எல்லாரும் ஓர் அறையில் உட்காருவார்கள். யாரும் யாரையும் கேள்வி கேட்கலாம். வேலை செய்தவர் "பார்த்தாச்சு" என்றால் அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. ஆதாரத்தைக் காட்டு என்று யாரும் கேட்கக் கூடாது. "பார்க்கல" என்றால் போய்ப் பார்த்துவிட்டு வர அவகாசம் கொடுப்பார்கள். அதில் அவமானம் ஒன்றும் கிடையாது. பார்க்கல என்று ஒரு தடவையாவது சொல்லாத ஆளே அங்கே இல்லை, என் அக்காவைத் தவிர.

பலகைகளைச் சூட்டில் சோதிக்க ஓர் அடுப்பு இருந்தது. அலமாரி மாதிரி பெரியது. பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, பக்கவாட்டு ஓட்டை வழியாக அளவெடுக்கும் கருவியின் கேபிளை விட வேண்டும். சூட்டில் செம்பு இன்னும் சோர்ந்துபோகும் என்பதால் இந்தச் சோதனை. அக்கா முதல் ஸ்லாட்டைச் சூட்டில் வைத்து அளந்தாள். பிரமாதமாகத் தேறியது. கடைசி ஸ்லாட்டுக்கு ஓட்டையிலிருந்து கேபிள் எட்டவில்லை. நீளமான கேபிள் போட்டால் அந்தக் கேபிளே செய்தியைத் தின்றுவிடும், அளவு பொய்யாகிவிடும். பெட்டியைத் திருப்பி வைக்கலாம் என்றால் கதவு சாத்தாது. அடுத்த குழு அடுப்புக்கு வரிசையில் நிற்கிறது. சரி என்று கடைசி ஸ்லாட்டை வெளியே, ஏசி குளிரில் அளந்தாள். சூட்டில் எவ்வளவு குறையும் என்று முதல் ஸ்லாட்டை வைத்துக் கணக்குப் போட்டாள். கணக்கு மயிரிழையில் தேறியது. அவளுக்குத்தான் மயிரிழையோடு நல்ல பழக்கம் ஆயிற்றே, அதை நம்பினாள்.

கூட்டத்தில் கண்ணாடிக்காரர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "கடைசி ஸ்லாட்ட சூட்டுல பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சு" என்றாள் என் அக்கா.

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். செம்பு ஜெயித்தது. கண்ணாடிக் குழுவைக் கலைத்தார்கள். அதில் ஒருவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. இன்னொருவர் வேலை தேடித் தேடிக் கடைசியில் மாமனார் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் வேறு ஊருக்குப் போய், கட்டடங்களில் கண்ணாடி இழை பதிக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தார்.

இந்தக் கூட்டமும் அடுப்பும் அப்போது எனக்குத் தெரியாது. நான் கண்டதெல்லாம், ஜெயித்தவள் வீட்டுக்கு வந்து தோற்றவள் மாதிரி உட்கார்ந்திருந்ததைத்தான். கல்யாணப் பேச்சு எடுத்தால் "கொஞ்ச நாள் போகட்டும்" என்பாள். அவர் போன் செய்வார். இவள் அடுத்த அறைக்குப் போய் வானிலை பேசிவிட்டு வருவாள். அம்மா என்னைப் பார்ப்பாள், நான் அம்மாவைப் பார்ப்பேன்.

"அந்த மனுஷனுக்கு என்னடி குறைச்சல்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லித் தொலையேன்" என்று ஒருநாள் அம்மா கத்தினாள்.

"அவர்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா" என்றாள் அக்கா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. குறை இல்லாதவனை யாராவது காக்க வைப்பார்களா? இவளுக்கு ஆபீஸில் பெரிய பதவி வந்துவிட்டது, ஊர் மாறிப்போனவர் இனி சரிப்படமாட்டார் என்று நினைக்கிறாள் என்றே முடிவு கட்டினேன். வாய்விட்டும் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும், அதனால்தான் மறுக்கவில்லை. போன்கள் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போயின.

பெட்டிகள் விற்றன, நன்றாகவே ஓடின. அந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. தடத்தில் தப்பு நேர்ந்தால் பெட்டியே சத்தம் போடாமல் திருத்திக்கொள்ளும். திருத்த முடிகிறவரை வெளியே ஒன்றும் தெரியாது. தாங்காமல் போனால் தடம் ஒரேயடியாக அறுந்துவிடும். ஒரு கடும் கோடையில் ஒரு வாடிக்கையாளர் கட்டடத்தில் குளிர்சாதனம் திணறியபோது பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடைசி ஸ்லாட்டை இழந்தன. கடைசி ஸ்லாட் மட்டும்தான். அப்புறம் இன்னொரு இடம், அதற்கப்புறம் இன்னொன்று.

அக்கா நிர்வாகத்திடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் கத்திவிட்டு, கடைசி ஸ்லாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பிரச்சினையை முடித்தார்கள். வேலை போகவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று மேலாளர் தோளில் தட்டினாராம். தட்டாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்றாள். அன்றுதான் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சமையலறையில் நின்றபடி, காய் நறுக்குகிற கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அழாமல் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. இத்தனை நாள் அவளைத் திட்டினேனே என்று வந்தது, இவ்வளவு முட்டாளாக இருந்தாளே என்றும் வந்தது.

"அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"போலாம் வா" என்றேன். "திட்டுனா திட்டட்டும். அவரு இன்னும் தனியாத்தான் இருக்காராம், எனக்குத் தெரியும்."

எனக்கு ஆசை இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. மன்னிப்புக் கேட்டால் மனிதர் இறங்கிவிடுவார், விட்ட இடத்தில் தொடங்கிவிடலாம் என்று நினைத்தேன். அவளுக்கும் அதே ஆசைதான். பஸ்ஸில் இரண்டு தடவை தலை வாரிக்கொண்டாள். பார்லர்காரி நான் பக்கத்தில் இருக்க, என் கையில் கூட சீப்பைக் கொடுக்கவில்லை.

அவர் ஒரு புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வேலையாக இருந்தார். காதோரம் நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கவிழ்த்த பெயின்ட் டப்பாக்களைத் துடைத்து உட்காரச் சொன்னார். "வாங்கம்மா" என்றார் என்னைப் பார்த்து. மச்சினி என்று வரவில்லை.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு நான் பொய் சொன்னேன். கடைசி ஸ்லாட்ட சூட்டுல பார்க்கல. கேபிள் எட்டல."

"தெரியும்" என்றார் அவர்.

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அந்த அடுப்ப ஆர்டர் பண்ணி வாங்கினவனே நான்தான். ஓட்டை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கடைசி ஸ்லாட்டுக்கு கேபிள் எட்டாது. யாராலயும் பார்த்திருக்க முடியாது."

அக்கா டப்பாவிலிருந்து எழுந்துவிட்டாள். "அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"எட்டாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா அத்தனை பேர் முன்னாடி நீங்க பொய்க்காரி ஆயிடுவீங்க. சாயங்காலத்துக்குள்ள நீங்களே வந்து சொல்லிடுவீங்க, மறுநாள் சேர்ந்து போய் மாத்திக்கலாம்னு நெனச்சேன். மறுநாள் வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் செம்புன்னு கையெழுத்து ஆயிடுச்சு."

மேலே எங்கோ சுவரில் துளை போடுகிற சத்தம் கேட்டது.

"மன்னிச்சிடுங்க" என்றாள் அக்கா. அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உங்கள எப்பவோ மன்னிச்சாச்சு. அது ஒரு பெரிய விஷயமே இல்ல." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "என்னை நம்பி இருந்த ஆளுங்க சோத்துல மண் விழுந்துச்சு. எனக்குத் தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். ஏன்? நம்ம கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு. அவங்க இன்னமும் எனக்கு போன் பண்ணி, நல்லா இருக்கீங்களா சார்னு கேக்கறாங்க. உங்கள பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அத வச்சுக்கிட்டு எப்படிங்க ஒரே வீட்ல இருக்கறது?"

நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். என் வாய் ஊரறிந்த வாய். அன்றைக்குப் பார்த்து அது திறக்கவில்லை. அவர் வாசல்வரை வந்து, எந்த பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போகலாம் என்று சொல்லி, ரோட்டைப் பார்த்துக் கடக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பஸ் கிளம்பியதும் எனக்கு வாய் திரும்பி வந்தது. "பெரிய உத்தமரு! தெரிஞ்சே உன்னை மாட்டிவிட்டுட்டு இப்ப நியாயம் பேசறாரு. எட்டாதுன்னு தெரிஞ்சவரு அத்தன பேர் முன்னாடி எதுக்கு அந்தக் கேள்விய கேட்கணும்? உன்னை மடக்கறதுக்குத்தானே?"

"வாயை மூடுடி" என்றாள் அக்கா. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். "பார்க்கலன்னு நான் சொல்றதுக்குத்தான் கேட்டாரு. சொல்லியிருந்தா அவகாசம் கெடைச்சிருக்கும். அவர் ஆளுங்களுக்கும் வேலை இருந்திருக்கும். அந்த ரூம்ல எனக்காகக் கேட்ட ஒரே கேள்வி அது. எதிராளி கேக்கறான்னு நெனச்சு பதில் சொல்லிட்டேன்."

அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் நிறுத்தம் வந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.