வீட்டுக்காரம்மாவின் ஃப்ளோரிடா மனை

அமெரிக்கா விடுதலை அடைந்த புதிதில் நிலம் வாங்கி விற்றுத் திவாலானவர்களைப் பற்றி, ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு, திருச்சிக்காரி நான் ஆராய்ச்சி செய்தேன். "உள்ளூர்ல திவாலானவங்க பத்தலியா உனக்கு?" என்று அப்பா கேட்டார். எழுபதுகளின் தொடக்கம் அது. கணவருக்கு டார்ம்ஸ்டாட்டில் எஞ்சினியர் வேலை. நான் தினமும் ரயிலேறி ஃப்ராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருவேன். குடியிருந்தது ஒரு விதவை அம்மாள் வீட்டு மாடியில்.

அந்த வீட்டுக்காரம்மாவோடு எனக்கு முதலில் ஆகவே ஆகாது. படிக்கட்டு துடைக்கும் முறை எங்களுடையது என்றால், சனிக்கிழமை காலையிலேயே வாளியைக் கொண்டுவந்து எங்கள் கதவருகே வைத்துவிடுவார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. ஆனால் ஞாயிறு நாலு மணியானால் சண்டையெல்லாம் மறந்துபோகும். அவர் வீட்டில் காபியும் கேக்கும் இருக்கும், அக்கம்பக்கத்தார் நாலு பேர் வருவார்கள், எங்களையும் கூப்பிடுவார். தோட்டத்துச் செர்ரிப்பழம் போட்டு அவர் சுடும் கேக் இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது, அதற்காக நான் எத்தனை படிக்கட்டு வேண்டுமானாலும் துடைப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் செய்தியைச் சொன்னார். ஃப்ளோரிடாவில், கடலுக்குப் பக்கத்தில், இரண்டு மனை வாங்கியிருக்கிறாராம். ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, விருந்து வைத்து, திரையில் படம் காட்டி விற்றார்களாம். என் கணவருக்கு வாயில் ஈ போவது தெரியவில்லை. "அமெரிக்கால மனை இருக்குன்னு ஊருக்கு எழுதினா எப்படியிருக்கும்!" என்று தமிழில் என் காதைக் கடித்தார். பேசாமல் கேக்கைச் சாப்பிடுங்கள் என்று அடக்கினேன்.

எனக்கா பொறுக்கும்? என் ஆராய்ச்சியை அங்கேயே அவிழ்த்துவிட்டேன். அந்தக் காலத்திலும் இதே கூத்துதான். யாரும் கால் வைக்காத காட்டைக் காகிதத்தில் கட்டம் போட்டு, கடல் தாண்டி ஐரோப்பாக்காரர்கள் தலையில் கட்டினார்கள். ஒருவர் கடனுக்கு இன்னொருவர் ஜாமீன் கையெழுத்து, அவருக்கு இவர். ஒரு ஆள் விழுந்ததும் அத்தனை பேரும் விழுந்தார்கள், கடைசியில் பலருக்குச் சிறை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்காரம்மா சொன்னார்: "அது அந்தக் காலம்மா. இப்போ கலர் போட்டோ இருக்கு."

காபிக்கு வரும் அந்த நாலு பேரும் ஆளுக்கொரு மனை வாங்கினார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு அதில் சல்லிக்காசு கமிஷன் கிடையாது. நல்ல பேக்கரியைச் சொல்வதுபோலச் சொன்னார், அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள், அவ்வளவுதான். அதிலும் எதிர்வீட்டுக்காரர் இருந்த காசை வழித்துப் போட்டார். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. ஒரே மகள் இங்கே முகாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவுக்கே போய்விட்டாள். மகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று மனிதர் ஆசைப்பட்டார்.

அந்த மகள்தான் குட்டை உடைத்தாள். அப்பாவின் மனையைப் பார்க்கப் புருஷனோடு காரில் போயிருக்கிறாள். பாதி வழியில் ரோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், புல், கொசு, முதலை. அப்பாவுக்கு ஃபோன் போட்டு அழுதாளாம். மனை விற்ற கம்பெனியின் ஃப்ராங்க்ஃபர்ட் ஆபீசுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் பூட்டிக் கிடந்தது. பாவிகள்!

அடுத்த ஞாயிறு காபிக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டுக்காரம்மா மட்டும் வாராவாரம் எல்லாருக்கும் கோப்பை எடுத்து வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் போய் உட்கார்ந்து கேக் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

ஒரு நாள், பின்தோட்டத்தில் பாதியை ஒரு கட்டடக்காரருக்கு விற்றுவிட்டு நாலு பேர் பணத்தையும் தானே கொடுக்கப்போவதாகச் சொன்னார். நான் குதித்தேன். "உங்களுக்கென்ன பைத்தியமா? நீங்களும்தானே ஏமாந்தீங்க? எந்தக் கோர்ட்டும் உங்களைக் கேட்காது." அவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் கம்பெனிக்காரனை அவங்களுக்குத் தெரியாது. என்னைத்தான் தெரியும்" என்றார்.

என் ஆராய்ச்சியில் வந்த ஒரு பெரிய மனிதர், கடன் கொடுத்தவர்கள் வந்தபோது பங்களாக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே பதுங்கினார். அவர்கள் வெளியே தீ மூட்டிக் காவல் கிடந்தார்கள். இந்த அம்மாளை யாருமே வந்து கேட்கவில்லை, தானாகக் கதவைத் திறந்துகொண்டு போகிறார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

பத்திரத்துக்குத் துணையாக என்னைக் கூட்டிப்போனார். அந்த ஊரில் நோட்டரி முழுப் பத்திரத்தையும் சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்து. தொப்பி வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வரி விடாமல் கேட்டார். வெளியே வந்ததும், "தோட்டத்தை விற்க இவ்வளவு வாசிக்கிறாங்க. அந்த ஹோட்டல்ல நான் கட்லெட்டைச் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டேன்" என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டார்.

அதே தொப்பியோடு வீடு வீடாகப் போய்ப் பணத்தைக் கொடுத்தார். மூன்று வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் உறையை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த அம்மாள் முகம் வாடியதைப் பார்த்தேன். பணம் போனதிலெல்லாம் இல்லாத வாட்டம் அது.

செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அங்கே கார் ஷெட்டுகள் கட்டினார்கள். மரம் சாயும்போது அவர் சமையலறை ஜன்னலில் நின்று முழுசாகப் பார்த்தார். எனக்குத்தான் தாங்கவில்லை, மாடிக்கு ஓடிவிட்டேன்.

மற்ற மூவரும் மெல்ல மெல்லக் காபிக்குத் திரும்பினார்கள். எதிர்வீட்டுக்காரர் வரவில்லை. அவருடைய கோப்பை மட்டும் வாராவாரம் வைத்தபடியே இருக்கும். வசந்தம் வந்த பிறகு ஒரு ஞாயிறு, எல்லாரும் உட்கார்ந்த பின் மணி அடித்தது. கதவைத் திறந்தது நான். கோட்டும் டையுமாக அவர் நின்றார். என்னைத் தாண்டி நேராக மேசைக்குப் போய், விமான டிக்கெட் ஒன்றை வைத்தார்.

"நீங்க கொடுத்த காசுதான். மகளைப் பார்க்கப் போறேன்" என்றார்.

வீட்டுக்காரம்மா டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் தொண்டையைச் செருமினார். "உங்க மனையையும் ஒரு எட்டு பார்த்துட்டு வரட்டுமா? அங்கேயிருந்து ஏதாவது கொண்டுவரணுமா?"

"முதலை மட்டும் வேண்டாம்" என்றார் வீட்டுக்காரம்மா.

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பணத்தைத் தொலைத்தபோதும், தோட்டத்தை விற்றபோதும், மரம் விழுந்தபோதும் அழாத மனுஷி, ஏப்ரன் முனையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எதிர்வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் காபிக் குடுவையை எடுத்து, முதலில் அந்த அம்மாள் கோப்பையில் ஊற்றினார்.