ஹார்ட் டிஸ்குக்கு வைத்த சந்தனப் பொட்டு

போன வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து, ஆட்டோக்காரர்களிடம் சிக்காமல் தப்பித்து, பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை ஒன்றின் வாசலில் நின்றிருந்தேன். எதற்கு நின்றாய் என்று கேட்டால் பதில் கிடையாது. மீன் கடை வாசலில் பூனை எதற்கு நிற்கிறதோ அதற்குத்தான். உள்ளே தரையில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய ஹார்ட் டிஸ்குகள், கருவாடு அடுக்கின மாதிரி கிடந்தன. மேலாக இருந்த ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அதே கம்பெனி, அதே மாடல். லேபிளின் மூலையில் இருக்கும் பொடி எழுத்துகள்கூட அதே. அப்போதுதான் மண்டையில் பொறி தட்டியது. எங்கள் வீட்டு டிஸ்க் செத்தது உள்ளே சுற்றும் தட்டில் இல்லையே, வெளியே அடியில் ஒட்டியிருக்கும் பச்சை போர்டில்தானே? இதன் போர்டைக் கழற்றி அதில் மாட்டினால் என்ன?

கடை வாசலிலேயே நின்று சிரித்தேன். அடுத்த நிமிஷமே எரிச்சல் வந்துவிட்டது. இந்த யோசனை அன்றைக்கே வந்து தொலைத்திருக்கக் கூடாதா!

அந்த லேப்டாப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சென்னையில் வேலை பார்த்த அண்ணன், அவன் ஆபீஸில் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். நான் அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் அண்ணாமலை நகருக்குப் போய் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். தெருவிலேயே லேப்டாப் இருந்தது எங்கள் வீட்டில்தான். பெயர்தான் லேப்டாப், மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். பேட்டரி அதன் எடையைக் கூட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டது. சார்ஜர் பின்னுக்கு அடியில் ஒரு தீப்பெட்டியை முட்டுக்கொடுத்து, ஒரு கோணத்தில் நிறுத்தினால்தான் கரண்ட் ஏறும். அப்பா கொஞ்சம் அழுத்தி நடந்து போனால் பின் நழுவி, திரை கறுத்துவிடும். அவர் பாத்ரூம் போகும்போதெல்லாம் நான் "மெதுவா, மெதுவா" என்று கத்துவேன்.

"மிஷினுக்குப் பயந்துகிட்டு என் வீட்டுல நானே திருடன் மாதிரி நடக்கறேன்" என்பார் அப்பா.

சி.டி. டிரைவ் இன்னொரு ரகம். திறக்கச் சொன்னால் திறக்காது. குண்டூசியை ஓட்டையில் விட்டுக் குத்த வேண்டும். அதுவே, யாராவது விருந்தாளி வந்து உட்கார்ந்தால் தானாகத் திறந்துகொண்டு நாக்கை நீட்டும். ஹார்ட் டிஸ்கோ ஆடிக்கொண்டே இருக்கும். அடிமூடியைத் திறந்து டிஸ்கை ஓர் அழுத்து அழுத்தி மூடினால்தான் அன்றைய பொழுது ஓடும். இப்படித் திறந்து மூடியே ஸ்க்ரூ மரையெல்லாம் தேய்ந்து போய், கடைசியில் மூடியை ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டியிருந்தேன். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு. வகுப்பில் மற்றவர்கள் கம்ப்யூட்டரைப் படித்தார்கள், நான் அதற்கு வைத்தியம் பார்த்தேன்.

இந்த நோயாளியை நம்பித்தான் மேரி வந்தாள்.

மேரி எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சினேகிதி. அப்போது அதே அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கி மொழியியலில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தாள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர்கள் பேசும் பேச்சுதான் அவள் ஆராய்ச்சி. டிபார்ட்மென்டில் ஒரு சின்ன ரிக்கார்டர் கொடுத்தார்கள். பதிவு செய்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அடுத்த ஆள் காத்திருப்பார். அதனால் எடுத்ததையெல்லாம் என் லேப்டாப்பில் இறக்கி வைத்தோம். ரிக்கார்டரில் அடுத்த ஆள் வேறு எதையோ பதிந்துகொண்டார்.

பதிவுகளுக்கெல்லாம் ராணி, தனம் அக்காதான். ஏலம் விடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. விலையைச் சொல்லும் மூச்சிலேயே வியாபாரிகளை ஒவ்வொருவராக வாருவார். "இன்னா மாமா, கையத் தூக்கறியா, இல்ல அக்குள சொறியறியா? சொறியறதுன்னா ஓரமா போய் சொறி!" கூட்டம் குலுங்கும். நானும் ஒரு நாள் மேரியுடன் போயிருந்தேன். ஈரத் தரை, ஐஸ் தண்ணீர், டீசல் நாற்றம், காலுக்கடியில் செதில். ரிக்கார்டர் மேரியின் கையில் வெளிப்படையாகத்தான் இருந்தது. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தோம். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் அதை மறந்துவிட்டார். அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். ஒரு கூடை சங்கரா மீனைக் கொட்டியபோது, பாண்டிச்சேரியிலிருந்து வரும் வியாபாரி ஒருவர், "அக்கா, இது நேத்து மீனு" என்றார். அதற்கு அக்கா ஒரு பதில் சொன்னார் பாருங்கள், ஏலக்கூடமே வெடித்தது. அந்த வியாபாரியே கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, அந்தப் பதிலின் ஒரு வார்த்தைகூட மனசில் நிற்கவில்லை. மேரிக்கும் அதே கதிதான்.

"அதான் ரிக்கார்ட் ஆயிருக்கே, அப்புறம் கேட்டுக்கலாம்" என்றாள். அவளுடைய ஒரு முழு அத்தியாயமே அந்தப் பதிலின்மேல்தான் நிற்கப்போவதாகச் சொன்னாள்.

முதலில் பத்திரப்படுத்துவோம், பிறகு நிதானமாகக் கேட்போம் என்று, அதை இன்னொரு பிரதி எடுத்து வைக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! சி.டி.யில் எழுதினால் முக்கால்வாசி வரை போய் நின்றுவிடும். கெட்டுப்போன சி.டி.களையெல்லாம் அம்மா மாடியில் வடகத்துக்குக் காவலாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். காக்காய்கள் பயந்தனவோ இல்லையோ, எனக்கு அவற்றைப் பார்க்கவே கடுப்பாக இருக்கும். பென் டிரைவில் ஏற்றி மேரியிடம் கொடுத்தேன். அவள் பிரௌசிங் சென்டரில் செருகியதும் ஏதோ வைரஸ் புகுந்து, உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் காணாமல் போனது. மெயிலில் அனுப்பலாம் என்றால் அத்தனை பெரிய ஃபைலை அது விழுங்காது. கடைசியில் மேரி ஒரு சீனியரிடம் கெஞ்சிக் கூத்தாடி, வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் வந்த நாள் ஆயுத பூஜை.

நான் மேரியை அழைத்துவர பஸ் ஸ்டாண்ட் போயிருந்த நேரத்தில் அம்மா வீட்டில் பூஜைக்கு அடுக்கிவிட்டார். அப்பாவின் சைக்கிள், அரிவாள்மனை, மிக்ஸி, என் புத்தகங்கள், அவற்றின் உச்சியில் லேப்டாப். மூடியின்மேல் வரிசையாகச் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. எங்கள் வீட்டில் பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டித்தான் எடுப்பார்கள். அதற்கு முன்னால் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கக் கூடாது. சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது.

"அம்மா, அஞ்சே நிமிஷம். காப்பி பண்ணிட்டு அப்படியே வச்சிடறேன்."

"சரஸ்வதிய பாதியில எழுப்பி வேல வாங்குவியா? வருஷம் பூராவும் அத நோண்டிக்கினுதானே இருக்கற? ஒரு நாளு அதுவும் தூங்கட்டும், வுடு."

"மேரி பாவம்மா, அவ்ளோ தூரம் வந்திருக்கா."

மேரி எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் கையில் சுண்டல் கிண்ணத்தோடு, "ஆன்ட்டி சொல்றது கரெக்ட்டுதான்டி. டிஸ்க நாளைக்கு சாயங்காலம் குடுத்தா போதும்" என்றாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பெண், எங்கள் வீட்டுச் சரஸ்வதிக்கு வக்கீல்! அம்மா அவளுக்கு இன்னொரு கரண்டி சுண்டல் வைத்தார். நான் நாள் முழுக்க அந்தச் சாமந்திப் பூவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேரி ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கினாள்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி முடித்ததும் லேப்டாப்பைத் தூக்கி வந்து, தீப்பெட்டி முட்டுக்கொடுத்து, பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. பிறகு ஒரு வாசனை வந்தது. கோயில் வாசனை. மேரி மூச்சை இழுத்து, "ஊதுவத்தி இன்னும் எரியுதா?" என்றாள். ஊதுவத்தி அணைந்து வெகு நேரம் ஆகியிருந்தது. சந்தன வாசனைக்குப் பின்னாலேயே பிளாஸ்டிக் கருகும் நெடி வர, நான் வயரைப் பிடுங்கினேன். ரப்பர் பேண்டைக் கழற்றி அடிமூடியைத் திறந்தால், ஹார்ட் டிஸ்கின் பச்சை போர்டில், நட்டநடுவில், கட்டியாக ஒரு சந்தனப் பொட்டு. அதற்கு நடுவில் குங்குமம். மூடிக்குள்ளே இருந்ததால் ராத்திரி முழுக்க ஈரம் காயவே இல்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, தீய்ந்து போன இடம்.

"அம்மா!"

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை. "எல்லாம் இதுக்குள்ளாறதான் இருக்குதுன்னு நீதானடி சொன்ன. தூசி தொடைக்கறப்ப மூடி கழண்டுச்சு. கீபோர்டுல வச்சா ஒட்டும்னு கத்துவ. அதான் முக்கியமான எடமா பாத்து இதுக்கும் வச்சேன்."

அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இயந்திரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று நான் பெருமையாகப் பாடம் எடுத்தேன், அவர் சரியாக உயிரைப் பார்த்துப் பொட்டு வைத்தார். மேரி இரவல் டிஸ்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

அதன்பின் நான் செய்த கோமாளித்தனங்கள் கொஞ்சநஞ்சமல்ல. பல்துலக்கும் பிரஷ்ஷால் போர்டைத் தேய்த்தேன். காட்டிய கடையிலெல்லாம் "புதுசு போட்டுக்கங்க" என்றார்கள். புதுசு போடத் தெரியாதா எனக்கு? இன்டர்நெட்டில் எவனோ எழுதியிருந்தான் என்று பாலிதீன் கவரில் டிஸ்கைச் சுற்றி ஃப்ரீஸரில், வஞ்சிரத் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டார். "நான் பொட்டு வச்சதுக்கு அந்தக் குதி குதிச்ச. நீ கொண்டு போயி மீனோட வச்சிருக்கற!"

மேரி மறுபடியும் ஒரு ரிக்கார்டர் வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். தனம் அக்காவிடம் நடந்ததைச் சொல்லி, அன்றைக்குப் பேசியதைப் போலவே பேசச் சொன்னாள். அக்காவுக்கு விஷயத்தின் முக்கியம் புரிந்துவிட்டது, அதுதான் வினை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொண்டையைச் செருமி, ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில், "அன்பார்ந்த வியாபாரிகளே, இது நல்ல தரமான சங்கரா மீன் ஆகும்" என்று ஆரம்பித்தார். மேரி பதறிப்போய், "அக்கா, சும்மா எப்பவும் பேசறாப்போல பேசுங்கக்கா" என்றாள்.

"காலேஜுக்குப் போற டேப்புல அசிங்கமா பேசுவாங்களா? நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியாதா?"

"நேத்து மீனுன்னு ஒருத்தர் சொன்னாரே, அதுக்கு இன்னா சொன்னீங்க?"

"ஆயிரம் பேரு ஆயிரம் சொல்றான். எல்லாத்தையும் மனசுல வச்சிக்கினா நான் எப்ப மீன் விக்கறது?"

அந்த அத்தியாயம் இல்லாமலே மேரி ஆராய்ச்சியை முடித்தாள், பட்டமும் வாங்கினாள். இப்போது பெங்களூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். பேசும்போதெல்லாம் அந்தப் பதிலைப் பற்றி ஒரு தடவையாவது பேச்சு வரும். "அன்னிக்கு எதுக்குடி நாம அப்படி சிரிச்சோம்?" என்று கேட்பாள்.

இதற்குள் எல்லாமே மாறிவிட்டது. மேரியின் பென் டிரைவுக்கு வைரஸ் கொடுத்த பிரௌசிங் சென்டர் இன்று ரீசார்ஜ் கடை. தெருவில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எல்லாரும் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தான் கரண்ட் இல்லை. போன வருஷக் கடைசியில் அடித்த புயலில் தனம் அக்கா ஏலம் விட்ட கொட்டகையின் கூரை பறந்துபோனது. புதிதாகக் கட்டிய இடத்தில் மெஷினில் எடை போட்டு, விலையைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். யாரும் யாரையும் வாருவதில்லை. முழங்கால் வலி ஜாஸ்தியாகி, அக்கா வீட்டோடு இருக்கிறார்.

கடையில் வாங்கி வந்த டிஸ்கின் போர்டை நேற்றுக் கழற்றினேன். நட்சத்திர ஸ்க்ரூவுக்கு ஏற்ற ஸ்க்ரூடிரைவர் இல்லை. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சிமென்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து அளவாக்கினேன். போர்டை மாற்றி மாட்டி, டிஸ்கைப் பழைய லேப்டாப்பிலேயே வைத்து, கரண்ட் வரும் நேரத்துக்குக் காத்திருந்து, வயரைச் செருகினேன். உள்ளே தட்டு சுற்றும் சத்தம் கேட்டது. ஃபோல்டர் தெரிந்தது! மேரி வைத்த பெயர்கள், தேதிகள், எல்லாம் அப்படியே. தனம் அக்காவின் ஃபைலைப் பிடித்து இழுத்து வேறு டிஸ்கில் விட்டேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நான் அசையவில்லை, அப்பாவையும் அசைய விடவில்லை.

கரண்ட் போனது. மின்வெட்டு அட்டவணையில் இல்லாத நேரத்தில், தெரு மொத்தமும்.

கரண்ட் திரும்பி வந்தபோது டிஸ்குக்குள் 'டக், டக்' என்று ஒரே தட்டல். அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. இந்தத் தடவை அடிபட்டது உள்ளே. அம்மா வாசல்படியிலிருந்து, "நல்லவேள, நான் அந்தப் பக்கமே வரல" என்றார்.

ஆனால் வந்தவரைக்கும் வந்திருந்தது. கொஞ்சம்தான். காக்காய், படகு இன்ஜின், அக்காவின் குரல், கூடையைக் கொட்டும் சத்தம். பிறகு அந்தப் பாண்டிச்சேரி வியாபாரி தெளிவாகச் சொல்கிறார்: "அக்கா, இது நேத்து மீனு." அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் அங்கேயேதான்.

மேரிக்குப் போன் போட்டு அதைக் கேட்க வைத்தேன். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "ஞாயித்துக்கெழம வரேன்டி" என்றாள்.

தனம் அக்கா வீட்டுக்குப் போகிறோம். எதையும் ஞாபகப்படுத்தச் சொல்லப் போவதில்லை, கேள்வி ஒன்றும் கேட்கப் போவதில்லை. டீ குடித்து, முழங்கால் வலியை விசாரித்து, அவர் அசந்திருக்கும் நேரமாகப் பார்த்து மொபைலில் இதைச் சத்தமாக ஓட விடுவேன். தன் மீனைப் பார்த்து ஒருவன் நேற்று மீன் என்கிறான். கேட்டுக்கொண்டு அக்காவால் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.