அடியில்லாத கூடை

"இந்தக் கூடைக்கு அடியே இல்லடீ. எவ்வளவு போட்டாலும் முழுங்குது."

மஹாலா தெனமும் விடியறப்ப கூடையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டே இதைத்தான் சொல்லுவா. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. "அப்ப தலையில கவுத்துக்க, வெயிலாவது படாது"ன்னு நானும் திருப்பிக் குடுப்பேன்.

நாங்க ரெண்டு பேரும் அமெரிக்காவுல, ஜார்ஜியாவுல, ஒரே எஜமானுக்கு அடிமையா இருந்தோம். அவ பருத்திக் காட்டுல, நான் பெரிய வீட்டு அடுப்படியில. பக்கத்துப் பக்கத்துக் குடிசை.

காட்டுல தெனம் சாயங்காலம் கங்காணி ஒவ்வொரு கூடையா தராசுல போட்டு எழுதிக்குவான். ஒரு நாள் எவ்வளவு எடுத்தியோ, மறுநாள் அதுக்குக் கொறஞ்சா சவுக்கு. அதனால கை ஓடுறவகூட அடக்கித்தான் எடுப்பா. மஹாலா தன் மக வின்னிக்கு முதல்ல சொல்லிக் குடுத்ததே மெதுவா எடுக்கத்தான்.

வின்னிக்குப் பதினாலு வயசு. பொறந்ததுலேருந்து சாக்குத்துணிச் சட்டைதான். அந்த வருஷம் கங்காணி பந்தயம் வச்சான். அதிகமா எடுக்கறவளுக்கு சிவப்புப் பூப்போட்ட கவுன். அதை வேலியில தொங்க வேற விட்டிருந்தான், பாவி.

மஹாலா அன்னிக்கு வேற வரிசையில. சாயங்காலம் தராசுகிட்ட வந்து பாத்தா, தெனம் நூறு ராத்தல் எடுக்கற பொண்ணு நூத்தியெம்பது எடுத்து வச்சிருக்கு.

"அம்மா, கவுனைப் பாரும்மா!"

"அடிப்பாவி மகளே, கையை அடக்குன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"ஒரே ஒரு நாள்தானேம்மா."

"அவனுக்கு அது போதும்டி."

அன்னிக்கு ராத்திரி நான் பெரிய வீட்டுல பரிமாறிட்டிருந்தேன். தூரத்துல டெக்சஸ்ல தன் மகன் வாங்கின நிலத்துக்கு, வேகமா பருத்தி எடுக்கற ஆளு ஆறு பேரு வேணும்னு எஜமான் சொன்னாரு. கங்காணி எடுத்ததுமே வின்னி பேரைத்தான் சொன்னான். நான் என்ன செய்ய? குழம்பை ஊத்திட்டு வந்தேன்.

விடியறதுக்குள்ள மஹாலாகிட்ட சொன்னேன். அவ அழல. "எடை கொறஞ்சா விட்டுடுவாங்க, இல்ல?"ன்னு கேட்டா.

அன்னிக்கு முழுக்க மஹாலா வின்னிக்குத் தெரியாம, அவ கூடையிலேருந்து அள்ளி அள்ளித் தன் கூடையில போட்டிருக்கா. சாயங்காலம் வின்னிக்கு எம்பது ராத்தல்கூட வரல. கங்காணி சவுக்கை எடுத்தான். நாலாவது அடிக்கு மேல பெத்தவளுக்குத் தாங்கல, ஓடிப்போய் நடுவுல விழுந்தா.

"அய்யா, அவளை விட்டுடுங்க! நான்தான் அள்ளினேன். என் கூடையைப் பாருங்க!"

அவன் அந்தக் கூடையைத் தராசுல போட்டுப் பாத்துட்டு சிரிச்சான். "அப்ப உன் மக நல்லாத்தான் எடுத்திருக்கா. உனக்கும் இனிமே இதுதான் எடை."

சனிக்கிழமை வண்டி வந்துச்சு. வின்னி அந்தக் கவுனைப் போட்டுக்கிட்டுத்தான் ஏறினா. வேற நல்ல துணி ஏது?

அது நடந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த சண்டை முடிஞ்சு எங்களுக்கு விடுதலையும் வந்துடுச்சு. எல்லாரும் கெளம்பிட்டோம், நான் டவுனுல துணி துவைச்சுப் பொழைக்கறேன். மஹாலா மட்டும் வரமாட்டேன்னுட்டா. "வின்னிக்குத் தெரிஞ்ச எடம் இது ஒண்ணுதானேடீ"ங்கறா. அதே காட்டுல குத்தகைக்குப் பருத்தி போட்டுக்கிட்டு, ரோட்டுல போறவங்களை எல்லாம் நிறுத்தி, மகளைப் பத்திக் கேக்கறா.

ஆத்துத்துறைக்குப் போற ரோட்டுல, புகைபோக்கி சாஞ்ச குடிசை. அந்தப் பக்கம் போனா ஒரு எட்டு போய்ப் பாருங்க. டெக்சஸ்லேருந்து வர்றவங்க கண்டிப்பா போங்க. வின்னியைத் தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. போன மாசம் ஒருத்தன் ஒருவேளைச் சோத்துக்காக "வந்துட்டே இருக்கா"ன்னு புளுகிட்டுப் போனான். மூணு நாளு சோளரொட்டி சுட்டு வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தா.