வருகையின் நோக்கம்: மற்றவை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் கொரியா, ஜப்பான் பக்கமிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு வெள்ளைக் கார் உண்டு, கார்க் கதவைத் திறந்துவிட ஆள் உண்டு, நம் ஊர் வெயிலைப் பார்த்து முகம் சுளிக்கும் உரிமையும் உண்டு. இரண்டாவது வகை பாக்கியநாதன். அவருக்கு ஒரு சைக்கிள் உண்டு.

முப்பத்துநான்கு வயதாகும் இந்த வெளிநாட்டவர், வெளிநாடு எதையும் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. மேற்கே, கூட வேலை செய்பவரின் தங்கை கல்யாணத்துக்காகப் பொதட்டூர்பேட்டை வரை போயிருக்கிறார். வடக்கே சூளூர்பேட்டை. உலகச் சுற்றுப்பயணம் அத்தோடு முடிந்தது. அவருடைய தாயார் திரேசம்மா தொண்ணூறாம் வருஷம் மன்னாரிலிருந்து படகேறி வந்தபோது இவர் வயிற்றுக்குள் இருந்தார். ஆறு மாதம் கழித்துப் பொன்னேரி அரசு மருத்துவமனையில் பிறந்தார். பிறந்ததும் அகதி முகாம் பதிவேட்டில் ஏறினார். அதிலிருந்து இறங்கவே இல்லை. இலங்கையிலிருந்து அவருக்கு வந்து சேர்ந்த சொத்து இரண்டே இரண்டுதான்: தேங்காய்ச் சம்பல் மேல் ஒரு பிரியம், பெயருக்கு எதிரே ஒரு முகாம் எண்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது திரேசம்மா இயற்றிய சட்டம். "எந்தப் பேப்பரில கேட்டாலும் இலங்கை எண்டுதான் எழுத வேணும். பொய் எழுதினா கொண்டுபோய் அடைச்சுப்போடுவாங்கள்." பள்ளிக்கூட விண்ணப்பம் முதல் கியாஸ் அடுப்பு விண்ணப்பம் வரை பாக்கியநாதன் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. முகாமில் ஒருவன் பாஸ்போர்ட்டுக்கு இந்தியன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஏழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்ததையும் அவர் பார்த்திருந்தார்.

வேலை, இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியின் பெயிண்ட் பிரிவில். பதினோரு வருஷமாக, ராஜமாணிக்கம் என்ற காண்டிராக்டரின் ஆளாக. குழாய்க்குத் துருப்பிடிக்காத சிவப்புப் பெயிண்ட் அடிப்பதில் அவர் கைக்கு அந்தப் பிரிவிலேயே ஈடு கிடையாது. ஆனாலும் காண்டிராக்ட் ஆளுக்கும் கம்பெனி ஆளுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கைத்திறனில் இல்லை. கம்பெனி ஆளை நிறுத்த வேண்டுமென்றால் கடிதம் வேண்டும், விசாரணை வேண்டும், யூனியன்காரர் வந்து மேஜையைத் தட்ட வேண்டும். காண்டிராக்ட் ஆளை நிறுத்த "நாளைக்கு வராத" என்று இரண்டு வார்த்தை போதும். பதினோரு வருஷமும் பாக்கியநாதன் சாயங்காலம் ஷிப்டு முடிகிற நேரத்தில் மட்டும் ராஜமாணிக்கத்தின் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே வெளியேறுவார்.

அப்படிப்பட்டவரை ஒருநாள் ஆள்நிர்வாக அலுவலகத்து அருணா கூப்பிட்டனுப்பினாள்.

"அண்ணா, காண்டிராக்ட்ல இருந்து பன்னெண்டு பேரைப் பர்மனென்ட் பண்றாங்க. உங்க பேரு நாலாவது."

பாக்கியநாதன் நின்ற இடத்திலேயே இன்னும் கொஞ்சம் நின்றார்.

"மேடம், நான் கேம்ப்புன்னு தெரியும் இல்ல?"

"ஆதார் இருக்குல்ல, போதும்ணா. ஒண்ணே ஒண்ணுதான். கம்பெனி சொல்ற பேங்க்ல சம்பள அக்கவுண்ட் வேணும். எல்லாம் போன்லயே, ஆப்லயே திறந்துக்கணும். இருபதாம் தேதி சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள அக்கவுண்ட் நம்பர் வந்துடணும். வரலைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அன்று தேதி பத்து. பத்து நாள். இந்தியா என்ற பெரிய தேசத்தில் போனில் ஒரு கணக்குத் திறக்க ஆறு நிமிஷம் ஆகும் என்று அந்த வங்கியின் விளம்பரமே சொன்னது.

அது பொய்யும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அன்புசெல்வன் ஆறே நிமிஷத்தில் திறந்து காட்டினார். பட்டியலில் அவரும் இருந்தார். ஆரணிக்காரர், வீட்டில் நெல் நிலம் உண்டு, ஆகவே எந்த விஷயத்திலும் பயம் கிடையாது.

"இதுல இன்னாபா கீது? ஆதாரைக் குத்து, மூஞ்சியக் காட்டு, முடிஞ்சிச்சு. போனக் குடு நாதா."

"இருபா, நானே பண்றேன்."

பெயர் போட்டார். பிறந்த தேதி போட்டார். அடுத்து 'குடியுரிமை' என்று ஒரு கட்டம் வந்தது. பாக்கியநாதனின் விரல் அதன் மேல், வெயிலில் சூடேறிய குழாயைத் தொடத் தயங்குவதுபோல நின்றது.

"இந்தியான்னு குத்திட்டுப் போய்க்கினே இரு."

"நான் சிலோன்பா."

"அது எனக்குத் தெரியும். போனுக்குத் தெரியுமா?"

நியாயமான கேள்வி. ஆனால் பாக்கியநாதனின் காதில் திரேசம்மாவின் சட்டம் ஒலித்தது, கண்ணில் கோர்ட்டுக்கு நடந்தவனின் செருப்பு தெரிந்தது. பட்டியலை மேலே தள்ளினார். நாடுகள் ஓடின. அம்மா படகில் இரண்டு ராத்திரி பட்ட பாடெல்லாம் அவருக்கு இல்லை. ஆங்கில எழுத்து வரிசையில் ஸ்பெயினுக்கும் சூடானுக்கும் நடுவில் இலங்கை பத்திரமாக இருந்தது. தொட்டார்.

"போச்சுடா," என்றார் அன்புசெல்வன். "அரிச்சந்திரன் வூட்ல பெயிண்ட் அடிச்சவனா நீ?"

தொட்ட மாத்திரத்தில் ஆப் மரியாதைக்கு மாறியது. அதுவரை திரையில் ஒரு பெட்டிக்கடைக்காரர் கல்லாவில் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் பனி பெய்தது. கம்பளிக்கோட்டுப் போட்ட குடும்பம் ஒன்று கையசைத்தது. 'உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் உங்கள் வங்கி உங்கள் விரல்நுனியில்' என்றது. நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், தகரக் கொட்டகையின் கீழ் பாக்கியநாதன் அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேள்விகள் வந்தன. பாஸ்போர்ட் எண், விசா எண்: பின்னர் தரலாம் என்று பெரிய மனது பண்ணியிருந்தது. இந்தியாவுக்கு வந்த தேதி: தன் பிறந்த தேதியையே போட்டார். வந்திறங்கிய இடம்: பதினெட்டு விமான நிலையமும் ஏழு துறைமுகமும் இருந்தன, பொன்னேரி அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு இல்லை. 'மற்றவை' என்று தொட்டார். வருகையின் நோக்கம்: சுற்றுலா, கல்வி, வணிகம், மருத்துவம், மற்றவை. அங்கேயும் 'மற்றவை'தான். நூறு எழுத்துக்குள் விளக்குக என்றது. அவர் அவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 'பிறந்துவிட்டேன்' என்று எழுதினார்.

ஆப் நன்றி சொன்னது. பதினாறாம் தேதி மாலை நான்கு மணிக்கு வீடியோவில் நேர்காணல் என்றது.

அன்று அரைநாள் லீவு. கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகாமில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். குடத்தோடு வந்தவர்களை மனைவி ஷைனி தள்ளி நிற்க வைத்தாள். போனில் சுமலதா என்ற பெண் வந்தாள். நல்ல பெண். அவள் குரலில் எந்தக் கெடுதலும் இல்லை. அதனால்தான் கோபப்படவும் வழி இல்லாமல் போயிற்று.

"வணக்கம் சார். இப்போ எந்த நாட்டுல இருக்கீங்க?"

"இந்தியாதான் மேடம். கும்மிடிப்பூண்டி."

"எப்போ சார் ரிட்டர்ன்?"

"எங்க மேடம்?"

"உங்க நாட்டுக்கு."

"நாளைக்குக் காலையில ஷிப்டுக்குப் போவணும் மேடம்," என்றார் பாக்கியநாதன். அவருக்குத் தெரிந்த ரிட்டர்ன் அது ஒன்றுதான்.

சுமலதா எதையோ தட்டிப் பார்த்தாள். "சார், வெளிநாட்டுக் கஸ்டமர்னா வெளிநாட்டுல இருந்துதான் இந்த கால்ல வரணும். உங்க லொகேஷன் இந்தியான்னு காட்டுது. இந்தியாவுல இருந்து வரணும்னா இந்தியனா இருக்கணும்."

"நான் ரெண்டும் இல்ல மேடம்."

"அப்படி ஒரு ஆப்ஷன் இல்ல சார்."

ஷைனிக்குப் பொறுக்கவில்லை. தலையைப் போனுக்குள் நுழைத்தாள். "ஏம்மா, போட்ல ஏறி நடுக்கடல்ல நின்னு பேசச் சொல்றேன், அப்ப சரியா வருமா?"

சுமலதா சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தாள் போலிருக்கிறது. "ப்ராஞ்சுக்குப் போங்க சார், அவங்க பார்ப்பாங்க," என்று சொல்லி மறைந்தாள்.

பதினெட்டாம் தேதி கிளைக்குப் போனார். அங்கே எட்வர்ட் என்ற அதிகாரி, முகாம் அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, கடைசியில் அதனாலேயே விசிறிக்கொண்டார்.

"பாஸ்போர்ட் இல்லாம ஃபாரினருக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. வாங்கினு வாங்க."

"யார்கிட்ட சார்?"

"உங்க நாட்டுகிட்டதான்."

"எங்க நாட்டுக்கு என்னைத் தெரியாது சார்."

எட்வர்ட் விசிறுவதை நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை யாருங்க உண்மையப் போடச் சொன்னது? அத மாத்திப் போட்டிருந்தா ஆறே நிமிஷம்."

பாக்கியநாதன் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முப்பத்துநான்கு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை ஒரு அதிகாரி கேட்பார் என்று திரேசம்மாவின் சட்டத்தில் எழுதப்படவில்லை.

இருபதாம் தேதி காலை. பத்துக்குப் பத்து அறையில் திரேசம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மகள் சோனியா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தாள். ஷைனி பேச வேண்டியதையெல்லாம் நேற்றே பேசிவிட்டாள்.

"எம்மா," என்றார் பாக்கியநாதன், போனைக் கையில் வைத்துக்கொண்டு. "பொய் எழுதப் போறேன்."

திரேசம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு காம்பு, இன்னொரு காம்பு, மூன்றாவது காம்பு. பிறகு சொன்னார்:

"எழுது மகன். பாவம் எனக்கு வரட்டும். ஞாயிறு சாமியாரிட்ட நான் சொல்லிக்கொள்ளுறன்."

முப்பத்தைந்து வருஷம் அமலில் இருந்த சட்டம் அப்படி ரத்தாயிற்று. பாக்கியநாதன் ஆப்பைத் திறந்தார். புதிய விண்ணப்பம். பெயர். பிறந்த தேதி. குடியுரிமை. முதலிலேயே, தேடவே தேவையில்லாமல், இந்தியா. தொட்டார். வானம் இடியவில்லை, வாசலில் போலீசும் வரவில்லை. பெட்டிக்கடைக்காரர் மறுபடி கல்லாவில் சிரித்தார். முகத்தைக் காட்டு என்றது, காட்டினார். கண்ணை இமை என்றது, இமைத்தார். ஷைனி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

'நீங்கள் முன்பு அளித்த விவரத்துடன் இது முரண்படுகிறது. உங்கள் பாதுகாப்பைக் கருதி இந்த விண்ணப்பம் மூடப்படுகிறது. ஆறு மாதம் கழித்து முயலவும்.'

பொய் எழுதினால் என்றைக்காவது ஒரு அதிகாரி கண்டுபிடித்துவிடுவான் என்று ஆயுள் முழுக்கப் பயந்து வாழ்ந்தவர் பாக்கியநாதன். அதிகாரிக்கு அந்த வேலையே மிச்சம். பத்து நாள் முன்னால் அவர் எழுதிய உண்மையே வந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அவரை இலங்கைக்காரர் என்று ஒரு அட்டையும் கேட்காமல், ஒரு கையெழுத்தும் கேட்காமல் உலகத்திலேயே மனப்பூர்வமாக நம்பிய ஜீவன் அந்த ஆப் ஒன்றுதான்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் திரேசம்மா.

"ஒண்ணும் இல்லம்மா. பாவம் உனக்கு வராது," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

சாயங்காலம் அருணா அவரைத் தேடிக்கொண்டு பெயிண்ட் பிரிவுக்கே வந்தாள். அந்த நெடிக்கு அவளுக்குக் கண் கலங்கியது; நெடிக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம்.

"இன்னும் ரெண்டு நாள் கேட்டேண்ணா. அஞ்சு மணிக்கு சிஸ்டம் பூட்டிக்கும், நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

"பரவால்ல மேடம். நீங்க இன்னா பண்ணுவீங்க," என்று பாக்கியநாதன் அவளுக்கு ஆறுதல் சொன்னார். அன்றைக்கு அவர் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தவர்களில் அவள் மூன்றாவது.

ஊரில் ஒருவருக்குத்தான் ஆறுதல் தேவைப்படவில்லை. காண்டிராக்டர் ராஜமாணிக்கம் வெற்றிலைச் சிவப்போடு வந்து அவர் முதுகில் தட்டினார். "நைனா, உன்ன மாதிரி கை எனக்கு எங்க கிடைக்கும்? நீ போயிடுவியோன்னு பத்து நாளா எனக்குச் சோறு எறங்கல. நான் கும்புட்ட சாமி கைவிடல பார்த்தியா?"

சாமி யாரைக் கைவிட்டது என்ற கணக்கு பாக்கியநாதனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி, புதிதாக நிரந்தரமானவர்களுக்குப் பன்னிரண்டு இரும்பு லாக்கர்கள் வந்து இறங்கின. சாம்பல் நிறம், கையடக்கப் பூட்டு. கதவில் பெயர் எழுத வேண்டும். எழுத்து யாருக்கு அழகாக வரும்? காண்டிராக்டர் ஆளை அனுப்பினார்.

பாக்கியநாதன் சுண்ணாம்புக் கட்டியால் கோடிழுத்து, வெள்ளைப் பெயிண்ட்டில் தூரிகையைத் தோய்த்து, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தார். இரண்டாவதில் அன்புசெல்வன் பெயரை எழுதினார். அன்புசெல்வனுக்கு அன்று கேன்டீனில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. நாலாவது லாக்கருக்கு வந்தபோது அதன் சொந்தக்காரன் பீட்டர் அங்கே நின்றுகொண்டிருந்தான். வள்ளூர்ப் பையன், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம், ஸ்ப்ரே துப்பாக்கியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டதே பாக்கியநாதனிடம்தான்.

"அண்ணே, வேணாம்ணே. இத நீ எழுதாத. நான் கடையில ஸ்டிக்கர் வாங்கினு வந்து ஒட்டிக்கிறேன்."

பாக்கியநாதன் கோட்டை நேர் பார்த்தார். 'பீ'க்குச் சுழி போட ஆரம்பித்தார்.

"வெளிச்சத்த மறைக்காத, தள்ளி நில்லு. ஸ்டிக்கர்லாம் இந்த வெயிலுக்கு மூணு மாசத்துல உரிஞ்சிடும்."