பட்டை விடாத கட்டை

சாத்தூரில் இருப்பது எங்கள் விறகுக்கடை. எங்கள் என்றால், என் மாமனாருடையது. கல்யாணமாகி வந்த புதிதில் சும்மா இருக்காமல், வாசலில் இறங்கிய கட்டைகளை நானும் தட்டிப் பார்த்தேன். அன்றைக்கே என் கையைக் கட்டிப் போட்டிருக்க வேண்டும். புளி நின்று எரியும், முருங்கை தாள் மாதிரிப் பற்றி அணைந்துபோகும், சீமைக்கருவேல் நன்றாகக் காய்ந்திருந்தால் சமையல் முடிந்த பிறகும் தணல் கிடக்கும் என்பதெல்லாம் எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. பிறகென்ன, என்னைக் கூப்பிடாமல் ஒரு லோடும் இறங்காது.

நான் படித்ததென்னவோ கம்ப்யூட்டரில் டிசைன் போட. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகம் ஒன்றில் வேலை கிடைத்தது. மாமனார் முடியாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவரும் இல்லை. "புதுசா சேந்திருக்க அண்ணாச்சி ஒரு லோடைச் சரியாப் பாத்து எறக்கட்டும்த்தா. பெறகு நீ தாராளமாப் போ" என்றார்.

மறுநாளே சீமைக்கருவேல் லோடு வந்தது. புது அண்ணாச்சி வெட்டுமுகத்தில் விரிசலைப் பார்த்தார், தட்டினார், "நல்லாக் காஞ்சிருக்கு மொதலாளி" என்றார். மாமனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் விரிசல், வெயில் பட்ட முனையில் மட்டும்தான். காய்ந்த கட்டையில் பட்டை கழன்று வரும். இதிலோ இறுக்கிப் பிடித்திருந்தது. அந்த லோடு இருக்கன்குடி அம்மன் கோயிலில் பொங்கல் வைக்க வருகிறவர்களுக்குப் போவது. பச்சை விறகு முனையில் நுரை தள்ளிப் புகையும், பானை பொங்காது. பொங்காவிட்டால் அம்மன் கோபமாக இருக்கிறாள் என்று பெண்கள் கண்ணீரோடு திரும்புவார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் பேசினேன் என்றால் அது பொய். நகம் தானாகப் பட்டையைக் கீறியது. உள்ளே ஈரம்.

"மாமா, பச்சை! எறக்க விடாதீக" என்று வாய் முந்திக்கொண்டது.

அண்ணாச்சி தலை குனிந்துகொண்டார். மாமனார் சந்தோஷம் தாங்காமல் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருத்தா. நீ இல்லன்னா கடை என்னத்துக்கு ஆகும்?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை. சிவகாசிக்குப் போகிற கதவைச் சாத்தியது நான்தானே.

லாரிக்காரர் கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டே, "அடுத்த லோடையும் நீங்கதானக்கா பாப்பீக?" என்று கேட்டார்.

"காஞ்சதாக் கொண்டாங்கண்ணே" என்றேன். "நான் இங்கனதான் இருப்பேன்."